மாலையில் மங்கும் விளக்குகள்: சிறு நீர்மின் நிலையம் குறித்த பதில்

மாலையில் விளக்குகள் மங்குவதால் சுழலியை (நீரின் விசையால் சுழன்று மின்னாக்கியை இயக்கும் சக்கரத்தை) மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்; மாற்ற வேண்டாம். இரத்தினபுரியில் உங்கள் மின் நுகர்வோர் சங்கம் நடத்தும் நிலையத்தில் மாலை 7 மணிக்குப் பின் விளக்குகள் மங்குவதற்கு, பெரும்பாலும் வீடுகளின் சுமையே, அதாவது அவை ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரமே, காரணமாக இருக்கும்.

நீங்கள் தந்த அளவுகளின்படி, விநாடிக்கு 20 லீற்றர் நீர் 40 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும்போது, நீரின் ஆற்றலில் பாதி மின்சாரமாக மாறினால் ஏறக்குறைய 4 கிலோவாட் கிடைக்கும். அதை 25 வீடுகள் பகிர்ந்தால் ஒரு வீட்டுக்கு 160 வாட்தான். ஒருவர் துணி தேய்க்கும் 1000 வாட் மின்னழுத்தியைப் போட்டாலே ஆறு வீடுகளின் பங்கு போய்விடுகிறது.

உறுதிசெய்ய, மங்கும் நேரத்தில் மின் நிலையத்திலும் கடைசி வீட்டிலும் ஒரே சமயத்தில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். நிலையத்தில் 230 வோல்ட் நிலையாக இருந்து கடைசி வீட்டில் மட்டும் குறைந்தால், கம்பி மெலிதாகவோ இணைப்புகள் தளர்ந்தோ இருக்கும். இரண்டிலும் குறைந்தால், குழாய்க்கு முந்தைய தொட்டியைப் பாருங்கள்: நீர் வழிந்தோடினால் சுமை மிகுதி, நீர்மட்டம் இறங்கினால் குப்பையைத் தடுக்கும் வடிதட்டில் இலை அடைத்திருக்கலாம், அல்லது ஓடையிலேயே நீர் குறைந்திருக்கலாம்.

கடைசி வீட்டுக்காக நிலையத்தின் மின்னழுத்தத்தை மட்டும் உயர்த்திவிடாதீர்கள்; அருகிலுள்ள வீடுகளின் கருவிகள் கருகிவிடும். அளப்பதைப் பயிற்சி பெற்ற இயக்குநரிடமே விடுங்கள்.