புளோக் கீழே ஒரு பூந்தோட்டம்: சிங்கப்பூர்ச் சமூகத் தோட்டக் கேள்வி பதில்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் பேட்டைகளில், புளோக் என்று நாம் சொல்லும் கட்டடங்களைச் சுற்றி, பூச்செடி வளர்ப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் நிறையவே வந்திருக்கின்றன. பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

ஈசூனிலிருந்து: அக்கா, எங்கள் புளோக் பக்கத்தில் புல்தரை சும்மா கிடக்கிறது. பூச்செடி வைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

முதலில் ஆள் சேருங்கள், அனுமதி அப்புறம். அந்த இடத்தைப் பராமரிப்பது நகர மன்றம், அதனால் நாமாகப் போய்க் கொத்தத் தொடங்கக் கூடாது. வசிப்போர் குழுவிடம் போங்கள், அங்கிருந்து நகர மன்றத்துக்குப் பேசலாம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தில் செடி, மண் பற்றிய ஆலோசனையும் கிடைக்கும். ஆனால் போகும்போதே எந்தக் கிழமை யார் தண்ணீர் ஊற்றுவது என்ற பட்டியல் கையில் இருக்கட்டும், ஏனென்றால் தோட்டம் சாவது பெரும்பாலும் பூச்சியால் இல்லை, ஆளில்லாமல்தான். குழுவில் எல்லா இனத்தவரும் இருந்தால் தீபாவளிக்கு நாம் ஓய்வெடுக்கும்போது சீன அண்டைவீட்டார் ஊற்றுவார்கள், சீனப் புத்தாண்டுக்கு நாம் ஊற்றலாம்.

அங் மோ கியோவிலிருந்து: மேம்பாலத்துக் காகிதப்பூ கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, என் செடியில் வெறும் இலை. ஏன்?

நீங்கள் அதை மிகவும் செல்லமாக வளர்க்கிறீர்கள்! பாலத்தில் அது குறுகலான தொட்டியில் வேர் நெருங்கி, நாள் முழுக்க வெயில் காய்ந்து நிற்கிறது. காகிதப்பூவுக்கு அந்த நெருக்கடிதான் வேண்டும். பெரிய தொட்டி, தினமும் தண்ணீர், தழைச்சத்து உரம் என்று கொடுத்தால் அது இலை விட்டுக்கொண்டு சுகமாக இருக்கும். ஐந்தாறு மணி நேர வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள், இலை லேசாகத் துவளும் வரை தண்ணீரை நிறுத்திப் பிறகு ஊற்றுங்கள். பூத்து முடிந்ததும் நுனிகளை வெட்டிவிடுங்கள், புதுக்கிளையில்தான் அடுத்த பூ. டிசம்பர் மழையில் பூ குறைந்தால் பயப்படாதீர்கள், பிப்ரவரி வாக்கில் மழை குறையும்போது பாருங்கள்.

தெம்பனிஸிலிருந்து: வீட்டு வாசல் நடைபாதையில் எத்தனை தொட்டி வைக்கலாம்?

எண்ணிக்கையை விட வழிதான் முக்கியம். தீ விபத்து நேரத்தில் ஆட்கள் ஓட 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கவே வைக்காதீர்கள், கீழே போகிறவர் தலையில் விழுந்தால் உயிர் போய்விடும். பாதி நிழல் என்றால் நந்தியாவட்டை வைத்துப் பாருங்கள். மல்லிகைக்கு அந்த வெளிச்சம் போதாது. குழந்தைகள் ஓடும் இடத்தில் அரளி வேண்டாம், அதன் எல்லாப் பாகமும் விஷம்.

பொங்கோலிலிருந்து: சாலையோரம் சில நாள் மட்டும் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும் மரம் எது?

டபேபுயா, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. நல்ல வறட்சிக்குப் பின் கனமழை பெய்தால் ஊரே சேர்ந்து பூக்கும்.

உட்லண்ட்ஸிலிருந்து: தோட்டத்தால் டெங்கி வரும் என்று புளோக்கில் எதிர்க்கிறார்கள்.

அவர்கள் பயம் நியாயமானது, வாதாடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். தொட்டிக்கு அடியில் தட்டே வேண்டாம், பூவாளியைக் கவிழ்த்து வையுங்கள், இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள், மேலே தண்ணீர் தேங்கக் கூடாது. எதிர்ப்பவர்களையே வாரம் ஒருமுறை கூட வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: விடிவதற்குள் யாரோ செம்பருத்தியைப் பறித்துவிடுகிறார்கள். பூட்டுப் போடலாமா?

பூட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பொது இடத்தில் பூட்டிய தோட்டத்தைப் பார்த்தால் வழியில் போகிறவருக்கு அது நாலைந்து பேரின் சொத்தாகத்தான் தெரியும். அதிகாலையில் பறிப்பவர் பெரும்பாலும் சாமிக்குத்தான் பறிக்கிறார், செம்பருத்தி எப்படியும் ஒரே நாளில் வாடும் பூ, பறிப்பதால் செடிக்கு நஷ்டமில்லை. வேலிக்கு வெளியே இரண்டு செம்பருத்தி வைத்து 'இதில் பறிக்கலாம்' என்று சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழியிலும் எழுதிவிடுங்கள். வேலியில் நீலச் சங்குப்பூ ஏற்றுங்கள், பூவில் சாயம் இறக்கிச் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் நீலநிறம் கொடுக்கும் மலாய் வீட்டாரும், சீன-மலாய்க் கலப்பு மரபினரான பெரனாக்கான் வீட்டாரும் தாங்களாகவே தோட்டத்துக்கு வருவார்கள். பறிக்க வந்தவர் தண்ணீர் ஊற்றும் பட்டியலில் சேர்வது நிஜமாகவே நடக்கும்.

ஈசூனிலிருந்து மறுபடி: ஆளே சேரவில்லை என்றால்?

பூங்காக்களில் தனிநபர் பாத்தி வாடகைக்குத் தருகிறார்கள், சுமார் 2.5க்கு 1 மீட்டர், மூன்று ஆண்டுக்கு. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். அங்கே தொடங்குங்கள், ஆனால் நாற்று மிஞ்சும்போது புளோக்கில் கதவு தட்டிக் கொடுங்கள்.