கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேட்டவர் மஹிந்திரா எம்.எம்.540 ஒன்று, மாருதி ஜிப்ஸி ஒன்று என இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறார். இரண்டிலுமே என்ஜின் நன்றாக இருக்கிறதாம், வேறு என்ன பார்க்கணும் என்கிறார். நான் மஞ்சக்குப்பத்துக்காரன். வீட்டில் ஒரு பழைய ஜீப் நிற்கிறது, தெரிந்தவர்கள் வாங்கப் போனால் கூடப் போய்ப் பார்க்கிற பழக்கமும் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம் கடற்கரையில் என்ஜினைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் காகிதம், அடுத்து சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), அப்புறம் நாலு சக்கரமும் இழுக்கிறதா என்பது. என்ஜின் அதற்கும் பிறகுதான்.

காரணம் எளிது. பழைய மஹிந்திராவில் இன்டர்நேஷனல் டீசல், பெஜோ, டி.ஐ. என்று எந்த என்ஜின் உட்கார்ந்திருந்தாலும் பிரித்து மாட்ட நம் ஊரில் ஆள் இருக்கிறது. பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் டிராக்டர் வேலை பார்க்கிற மெக்கானிக்கே டி.ஐ. என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். செலவு எவ்வளவு என்றும் முன்னாலேயே சொல்லிவிடுவார். உளுத்துப்போன சேஸிஸுக்கும் செத்துப்போனவர் பெயரில் இருக்கிற ஆர்.சி.க்கும் அப்படி யாரும் கணக்குச் சொல்ல முடியாது.

காகிதத்திலிருந்து வருவோம். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? பழைய ஜீப்பில் பாதி, தாத்தா பெயரிலோ மூடிப்போன எஸ்டேட் பெயரிலோ இருக்கும். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் படிவம் 31, வாரிசுச் சான்று எல்லாம் போட்டு வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு வரும். "அதெல்லாம் புரோக்கர் பாத்துக்குவாரு" என்று விற்பவர் சொன்னால், சரி, பார்த்து முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்து அந்த வண்டி எண்ணை அரசின் 'வாகன்' இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். கையால் எழுதிய ஆர்.சி. புத்தகக் காலத்து வண்டிகள் பல கணினியில் ஏறியிருக்காது. பேக்லாக் பதிவு என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் தனியாக ஏற்ற வேண்டும். அது ஏறாமல் பெயர் மாற்றமும் நடக்காது, புதுப்பிப்பும் நடக்காது. இந்த அலைச்சல் விற்பவருடையதாக இருக்கட்டும்.

சேஸிஸ் எண்ணை நீங்களே பென்சில் தேய்த்து அச்சு எடுங்கள். அந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பெயின்ட்டைச் சுரண்டி, மெல்லிய தாளை வைத்துத் தேய்த்தால் எழுத்து ஒவ்வொன்றும் தெரியும். ஒரு எண் மட்டும் ஆழமாக விழுந்திருக்கிறதா, வரிசை கோணலாகப் போகிறதா, சுற்றி கிரைண்டர் ஓட்டிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சின்னச் சந்தேகம் வந்தாலும் பேரம் பேசாமல் கிளம்பிவிடுவதுதான் நல்லது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்தும் அன்றைக்கு அதற்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்.

முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கடலூரில் குடியிருந்துகொண்டு பி.ஒய். எண் வண்டியை நிரந்தரமாக ஓட்ட முடியாது. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு அங்கிருந்து தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். புதுச்சேரி வண்டி மலிவாகத் தெரிந்தால் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டில்லியிலிருந்து வந்த ஜிப்ஸி என்றாலும் இதே கதைதான்.

பதிவு 15 வருடத்துக்கு, பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் திருத்திய மத்திய விதிப்படி 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 10,000 ரூபாய். பசுமை வரி தனி. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டி என்றால் 2021இல் வந்த வின்டேஜ் விதியில் 20,000 ரூபாய் கட்டிப் புதிதாகப் பதிந்து 'வி.ஏ.' எழுத்தோடு எண் வாங்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வாங்கலாம்தான். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று மட்டுமே வெளியே எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. தோப்புக்கும் வயலுக்கும் போகத்தான் ஜீப் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

காகிதம் சரியாக இருக்கிறது என்றால் கோணிச்சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். வெள்ளைச் சட்டையில் போகாதீர்கள்.

போன வருடம் வில்லியனூர் பக்கம் ஒரு ஷெட்டில் 540 ஒன்றைப் பார்க்க மெக்கானிக் அண்ணனோடு போயிருந்தேன். மேலே புது பெயின்ட், கண்ணாடி மாதிரி. அடியில் கறுப்பு அண்டர்கோட்டிங் தடவித் தகதகவென்று இருந்தது. விற்பவர் பெருமையாக, "புதுசா அண்டர்கோட்டிங் அடிச்சிருக்குண்ணே" என்றார். அண்ணன் படுத்தபடியே, "அடிச்சது தெரியுதுங்க. எது மேல அடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே சின்னச் சுத்தியலால் முன்னாலிருந்து தட்டிக்கொண்டு போனார். நல்ல இரும்பில் கணீர் என்று வந்தது. பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் 'டப்' என்று அடங்கிப்போனது. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினார், உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது துருச் செதில் தவிட்டைப்போல் கொட்டியது. விற்பவர் அதற்கப்புறம் விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

நம் பக்கம் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. பெட்டி மாதிரி மூடியிருக்கும் சேஸிஸ் கட்டைக்குள் உப்புக்காற்றும் சேறும் புகுந்தால் காய வழியில்லை. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கடலைப் பார்த்து நின்ற வண்டிக்கும் நெய்வேலியில் நின்ற வண்டிக்கும் இந்த இடத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். பின் ஸ்பிரிங் தாங்கிகள், ஷாக்கிள் மாட்டும் இடம், குறுக்குக் கட்டைகள், தொட்டி (வண்டியின் தகட்டு உடல்) சேஸிஸில் உட்காரும் போல்ட் இடங்கள் எல்லாவற்றையும் தட்டுங்கள். சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். தொட்டியில் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி. தொட்டி போனால் டிங்கரிங் செய்து வேறு தொட்டி ஏற்றலாம், அது பணப் பிரச்சினை மட்டும். சேஸிஸில் தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தால் எனக்கு வேண்டாம். சிலர் ஒழுங்காக அடித்திருந்தால் பரவாயில்லை என்பார்கள். ஸ்பிரிங் தாங்கிப் பக்கத்தில் அடித்ததை நான் நம்புவதில்லை.

மலையிலிருந்து இறங்கிய வண்டி இதற்கு நேர் எதிர். ஏற்காடு, போடி பக்கத்து எஸ்டேட் ஜீப்பில் துரு குறைவாக இருக்கும், ஆனால் லோ கியரிலேயே காலம் தள்ளியதால் கியர், கிரவுன் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்), ஜாயின்ட் எல்லாம் தேய்ந்திருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் மலை வண்டியைத்தான் எடுப்பேன். தேய்ந்த பல்சக்கரத்துக்கு மாற்று சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும்.

வெள்ளத்தையும் மறந்துவிடாதீர்கள். 2015 வெள்ளம் இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த தண்ணீர் கடலூர் பக்கம் ஊருக்குள் புகுந்தது. அப்போது எத்தனை வண்டி மூழ்கிக் கிடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மூழ்கிய வண்டியைத் துடைத்து விற்றுவிடலாம், ஆனால் ஆக்ஸில் ஹவுசிங்கை யாரும் திறந்து கழுவ மாட்டார்கள். முன், பின் இரண்டு ஹவுசிங்கிலும் ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. முன், பின் ஆக்ஸில்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலும் அப்படியே.

இனி நாலு சக்கர ஓட்டம். மஹிந்திரா கமாண்டர் போன்றவற்றில் பின்சக்கர ஓட்டம் மட்டும் உள்ள வண்டிகளே அதிகம். அதில் முன் ஆக்ஸில் கோத்து ஃபோர் வீல் என்று விற்பது சாதாரணமாக நடக்கிறது. ஆர்.சி.யில் உள்ள மாடல் பெயரோடு ஒத்துப்பாருங்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன பிறகு, கோத்து வைத்த வண்டியைக் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்குவது பெரும்பாடு. அசல் ஃபோர் வீலிலும் டீசல் மிச்சம் என்று முன் ஆக்ஸிலைச் சுழற்றும் ஷாஃப்ட்டைக் கழற்றி வீட்டில் போட்டிருப்பார்கள். "இருக்குங்க, மாட்டித் தரோம்" என்றால் மாட்டிய பிறகு பாருங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் சொல்வதில்லை. வேகம் கூட வேண்டும் என்று பின் கிரவுனை மட்டும் வேறு பல் கணக்குக்கு மாற்றியிருப்பார்கள். அப்படி இருந்தால் ஃபோர் வீல் போட்ட உடனே முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் பாக்ஸைத் தின்றுவிடும். சோதிக்கக் கால் மணி நேரம் போதும். மற்ற சக்கரங்களுக்குக் கல் வையுங்கள், கியர் நியூட்ரலில், ஃபோர் வீல் போடாமல் இருக்கட்டும். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். மஹிந்திராவின் பழைய சி.ஜே.3பி மாடல் என்றால் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவாக வரும். முன் சக்கரத்திலும் ஹப்பை (சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் பூட்டை) லாக் செய்து அப்படியே எண்ணுங்கள். எண் எதுவானாலும் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முன் சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள கிங்பின் பேரிங் போயிருக்கும். ஐம்பது, அறுபதில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் வெடவெடவென்று உதறுவது பெரும்பாலும் இதனாலும் ஸ்பிரிங் பட்டை புஷ்களாலும்தான். "வீல் அலைன்மென்ட் பண்ணா சரியாப்போயிடும்" என்பதை நம்ப வேண்டாம்.

பிறகு மணலில் ஓட்டுங்கள். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், எனவே சவுக்குத் தோப்பு மணல் பாதை ஏதாவது பாருங்கள். கடற்கரைக்கு ஏற்றாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம், ஜனவரியிலிருந்து ஆமை முட்டை வைக்கும் காலம். லோ கியரில் காலை எடுத்தும் அழுத்தியும் பாருங்கள், லீவர் தானாகத் துள்ளி வெளியே வரக்கூடாது. முன் சக்கரமும் மணலை வாரியிறைக்கிறதா என்று வெளியே ஒருவர் நின்று பார்க்கட்டும்.

என்ஜினுக்கு நிறைய சொல்லப்போவதில்லை. போனதும் பானட்டில் கையை வையுங்கள், சூடாக இருந்தால் ஆறும்வரை டீ குடித்துவிட்டு வாருங்கள். குளிர்ந்த என்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கக்கூடாது. பெட்ரோல் வண்டி என்றால் இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்காது, எல்லாவற்றையும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சி.ஜே.3பி.யில் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும், டார்ச் அடித்து உள்ளே துரு பாருங்கள்.

கதை சொல்லி விலையேற்றுவதும் நம் ஊரில் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் துரை ஓட்டிய ஜீப் என்று ஒருவர் 540ஐக் காட்டினார். பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது 1954இல், 540 வந்ததோ 1980களில். சி.ஜே.3பி.யின் உயர்ந்த பானட்டை வெட்டி, கிரில்லில் ஒன்பது கீற்று போட்டு, பச்சை அடித்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்து 'லோ பானட்' (தாழ்ந்த பானட்) ஜீப் என்பதும் இதே ரகம். சேஸிஸ் எண்ணுக்கும் ஆர்.சி.யில் உள்ள வருடத்துக்கும் ஒத்துவராத கதைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள்.

உங்கள் இரண்டு வண்டியில், சேஸிஸ் சமமாக இருந்தால் நான் 540 பக்கம். ஜிப்ஸி இலகுவானது, மணலில் அருமையாகப் போகும், ஓட்டவும் சுகம். ஆனால் அதன் தகடு மெல்லிசு, நம் காற்றுக்குச் சீக்கிரம் போய்விடும். வீடு கடலிலிருந்து தள்ளி, கூரைக்குக் கீழே நிறுத்த இடமும் இருந்தால் ஜிப்ஸியை எடுங்கள். எதை எடுத்தாலும் வாங்கிய நாளிலிருந்து 14 நாளுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிரேக் குழாய்களையும் சிலிண்டர் கிட்டையும் மாற்றிய பிறகே ஈ.சி.ஆரில் ஏற்றுங்கள். 540இல் நாலு சக்கரமும் டிரம் பிரேக், அங்கே வருகிற பஸ்காரர்கள் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.