வீட்டுக்கு அடியில் இருப்பது யாருடையது? அமெரிக்காவில் கனிம உரிமை: கேள்வி பதில்

அமெரிக்காவில் மேல்நிலம் ஒருவருக்கும், அதற்கு அடியிலுள்ள எண்ணெய், எரிவாயு, நிலக்கரி இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்கலாம். டெக்சாஸில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகங்களில் பழைய பத்திரங்களைத் தேடி, எந்த உரிமை யார் கைக்குப் போனது என்று வரிசைப்படுத்தி எழுதிக் கொடுப்பது என் வேலை. வீடு வாங்கும், விற்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், கேட்டவர் எந்த ஊர் என்பதையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி (ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்): அக்கா, நாங்கள் வாங்கப்போகும் வீட்டுக்கு டைட்டில் கம்பெனி (சொத்துரிமையை ஆராய்ந்து அதற்குக் காப்பீடு தரும் நிறுவனம்) அனுப்பிய அறிக்கையில், ஷெட்யூல் பி என்ற பகுதியில், "1952-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் எண்ணெய், எரிவாயு, பிற கனிமங்கள் அனைத்தும் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன" என்று ஒரு வரி இருக்கிறது. முன்பணம் கட்டிவிட்டோம். விலகிவிடலாமா?

பதில்: விலக வேண்டாம் தம்பி. ஆனால் அந்த வரி குறிப்பிடும் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்தும் போட வேண்டாம். ஷெட்யூல் பி ஏறக்குறைய நம் ஊர் வில்லங்கச் சான்றிதழ் மாதிரி. டைட்டில் இன்சூரன்ஸ் எதற்கெல்லாம் பொறுப்பேற்காது என்பது அதில் இருக்கும்.

வட டெக்சாஸில் இன்று வீட்டுமனையாக இருக்கும் இடங்களில் பல ஒரு காலத்தில் பண்ணை நிலங்கள். விவசாயி நிலத்தை விற்றபோது கனிமத்தைத் தன் வாரிசுகளுக்கு என்று வைத்துக்கொண்டார். பத்திரத்தைப் பார்த்தால் நான்கெல்லை விவரம் பக்கக்கணக்கில் ஓடும். அது முடிந்த இடத்தில் "இதில் நீங்கலாக" என்று தொடங்கி, தட்டச்சில் ஒரே ஒரு வாக்கியம் இருக்கும். எல்லை விவரத்தில் கண் சோர்ந்துபோனவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் உங்களைக் கட்டுப்படுத்துவது அந்த வாக்கியம்தான்.

டெக்சாஸ் சட்டத்தில் கனிம உரிமைதான் மேலோங்கியது. கனிமத்தின் சொந்தக்காரர் அதை எடுக்கத் தேவையான அளவுக்கு மேல்நிலத்தையும் பயன்படுத்தலாம். பாதை போடலாம், குழாய் பதிக்கலாம், மேல்நிலக்காரரின் சம்மதம் வேண்டியதில்லை. 1971-இல் கெட்டி ஆயில் எதிர் ஜோன்ஸ் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. அங்கே எண்ணெய் பம்புகள் உயரமாக நின்றதால், வயலில் சுற்றிவரும் பாசன இயந்திரம் நகர முடியவில்லை. மேல்நிலக்காரர் ஏற்கெனவே செய்துவரும் பயன்பாட்டைக் கெடுக்காமல் எண்ணெய் எடுக்க நியாயமான மாற்று வழி இருந்தால், அந்த வழியில்தான் எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதை நம்பி நீங்கள் வழக்குக்குப் போக வேண்டிய நிலை வரக்கூடாது.

அதனால் கனிமம் உங்களுக்கு வருகிறதா என்று கவலைப்படுவதற்கு முன்னால், உங்கள் மனையில் இறங்க யாருக்காவது உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். குடியிருப்பு அமைத்த பில்டர் பெரும்பாலும் கனிமக்காரரிடம் "மேல்நிலத்தைப் பயன்படுத்த மாட்டேன்" என்று எழுதி வாங்கிப் பதிவு செய்திருப்பார். இங்கே அதை சர்ஃபேஸ் வேய்வர் என்கிறார்கள். அந்த ஆவணத்தின் நகலையும் 1952-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நகலையும் டைட்டில் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் கொடுப்பார்கள். கூடவே, ஒரு ஏக்கருக்கு மேற்படாத குடியிருப்பு மனைக்கு டி-19.2 என்ற இணைப்பைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். எதிர்காலத்தில் கனிமம் எடுக்க மேல்நிலத்தைப் பயன்படுத்துவதால் கட்டடத்துக்குச் சேதம் வந்தால் அது ஈடு கொடுக்கும். புல்வெளி, மரம், செடிகளுக்குக் கொடுக்காது. இவ்வளவையும் ஆப்ஷன் காலம், அதாவது ஒப்பந்தத்திலிருந்து நீங்கள் விலகிக்கொள்ள அனுமதிக்கும் நாட்கள், முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

கேள்வி (ஆஸ்டின் அருகே): எங்கள் பத்திரத்தில் கனிமம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படியானால் எங்களுக்குத்தானே சொந்தம்?

பதில்: பத்திரம் மௌனமாக இருந்தால், விற்றவரிடம் இருந்த கனிமம் அத்தனையும் நிலத்தோடு உங்களுக்கு வந்துவிடும். அவரிடம் என்ன இருந்தது என்பதில்தான் சிக்கல். தன்னிடம் இல்லாததை யாரும் விற்க முடியாது. 1938-இல் ஒருவர் பாதியை வைத்துக்கொண்டு விற்றிருப்பார். அவரிடம் வாங்கியவர் 1961-இல் மீதியில் பாதியை வைத்துக்கொண்டு விற்றிருப்பார். அதற்குப் பிறகு வந்த பத்திரங்கள் எல்லாமே மௌனம் என்றால் உங்களுக்குக் கால்பங்கு மட்டுமே. மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் போகாமல் இதைச் சொல்ல முடியாது. டைட்டில் கம்பெனி இந்தத் தேடலை உங்களுக்காகச் செய்யாது. கனிமம் என்று பொதுவாக ஒரு விதிவிலக்கு எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

கேள்வி (ஃபோர்ட் வொர்த்): கனிமம் எங்களுடையதுதான் என்று தெரியும். ஒரு நிறுவனம் மூன்று பக்கக் காகிதமும், காசோலை போன்ற ஒன்றும் அனுப்பியிருக்கிறது. கையெழுத்திட்டு அனுப்பினால் பணம் வரும் என்கிறார்கள். மாமனார் "வந்த பணத்தை ஏன் விட வேண்டும்" என்கிறார்.

பதில்: மாமனாரை உட்காரவைத்து முதல் பக்கத்தின் தலைப்பைப் படித்துக் காட்டுங்கள். குத்தகை என்றால் கனிமம் உங்களிடமே இருக்கும். மினரல் டீட் என்றால் அது கிரயப் பத்திரம், கனிமம் நிரந்தரமாகப் போய்விடும். இரண்டும் ஒரே மாதிரி உறையில், ஒரே மாதிரி மரியாதையான கடிதத்தோடுதான் வருகின்றன. குத்தகை என்று நினைத்து விற்றுவிட்டவர்களின் ஆவணங்களை நான் பார்த்திருக்கிறேன். அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். கூட வந்த காகிதமும் பெரும்பாலும் காசோலை அல்ல, பேங்க் டிராஃப்ட். நம் ஊர் டி.டி. மாதிரி உறுதியான பணம் என்று நினைக்காதீர்கள். உங்கள் உரிமையைச் சரிபார்த்த பிறகு தருவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். நீங்கள் கையெழுத்திட்ட பத்திரமோ அதற்குள் அவர்கள் கையில் இருக்கும்.

எவ்வளவு வரும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். உங்கள் மனை 0.2 ஏக்கர், அது சேர்ந்த யூனிட் (எரிவாயு எடுக்க ஒன்றாகச் சேர்த்த மனைகளின் தொகுப்பு) 400 ஏக்கர், ராயல்டி (விற்பனையில் கனிமக்காரருக்கு வரும் பங்கு) 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.2-ஐ 400-ஆல் வகுத்து 20 சதவீதம் எடுத்தால் 0.0001. அந்த யூனிட்டில் மாதம் 5 லட்சம் டாலருக்கு எரிவாயு விற்றால் உங்கள் பங்கு 50 டாலர். ஷேல் எனும் களிப்பாறையில் தோண்டும் கிணறுகளில் உற்பத்தி முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே வேகமாகச் சரியும், ஆகவே அந்த 50-ம் நிலைக்காது. 2008 வாக்கில், உங்கள் பகுதியின் அடியிலுள்ள பார்னெட் ஷேல் பாறை எரிவாயுவுக்கான பரபரப்பின் உச்சத்தில் உங்கள் ஊரில் குத்தகைக்கான முன்தொகை ஏக்கருக்கு 20,000 டாலரைத் தாண்டியது. அந்தக் காலத்துக் கதைகளைக் கேட்டு இன்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

குத்தகைதான் என்றால் தெருவாசிகள் சேர்ந்து பேசுங்கள். தனி வீட்டுக்காரருக்குப் பேரம் பேசும் வலு கிடையாது. எட்டில் ஒரு பங்கு ராயல்டி என்பது தாத்தா காலத்து வழக்கம், ஐந்தில் ஒன்றோ நான்கில் ஒன்றோ கேளுங்கள். மேல்நிலத்தில் இறங்கக்கூடாது என்ற ஷரத்து கட்டாயம் வேண்டும். எரிவாயுவைச் சுத்திகரிப்பது, அழுத்துவது, கொண்டுசெல்வது ஆகிய செலவுகளை உங்கள் பங்கில் கழிக்கக்கூடாது என்றும் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக் கடன் இருந்தால், கையெழுத்திடும் முன் கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதல் தேவையா என்று அடமான ஆவணத்தில் பாருங்கள்.

கேள்வி (கேட்டி, ஹூஸ்டன் அருகே): வீட்டை விற்கிறோம், கனிமத்தை மட்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறோம். கிரயப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதுமா?

பதில்: போதாது. விற்பனை ஒப்பந்தத்திலேயே அது இருக்க வேண்டும். டெக்சாஸ் ரியல் எஸ்டேட் ஆணையம் இதற்கென்றே ஒரு இணைப்புப் படிவம் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே அதைச் சேர்க்க வேண்டும். கிரயம் முடியும் நாளில் திடீரென்று பத்திரத்தில் நுழைத்தால் வாங்குபவர் மறுப்பார், அது அவருடைய உரிமை.

இன்னொரு கண்ணி இருக்கிறது. 1940-இல் டூஹிக் எதிர் பீவி-மூர் லம்பர் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கனிமத்தில் பாதி உங்களுக்கு முன்பே வேறொருவரிடம் போய்விட்டது என்று வையுங்கள். அதைச் சொல்லாமல், முழு உத்தரவாதத்தோடு விற்று, "பாதியை வைத்துக்கொள்கிறேன்" என்று எழுதினால் என்ன ஆகும்? வாங்குபவருக்குப் பாதி தருவதாக நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். மிச்சமிருப்பதே பாதிதான். அது அவருக்குப் போய்விடும், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. பழைய ஒதுக்கீடுகளைக் குறிப்பிட்டு எழுத ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்செலவு அல்ல.

கனிமத்தை வைத்துக்கொண்டாலும் மேல்நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை விட்டுக்கொடுங்கள். புதிதாக வரும் குடும்பம் அந்த வீட்டில் நிம்மதியாக வாழட்டும். கிடைமட்டமாகத் துளையிடும் இந்தக் காலத்தில் தூரத்து மனையிலிருந்தே எடுத்துவிடலாம், உங்களுக்கு இதில் பெரிய நஷ்டமில்லை.

கேள்வி (ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா): 500 அடிக்குக் கீழே உள்ள கனிமம் எங்களுக்கு இல்லை என்று பத்திரத்தில் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: அந்த மாநிலத்தில் சர்வசாதாரணமான வாசகம் அது. அதோடு "மேற்பரப்பில் நுழையும் உரிமை இல்லாமல்" என்ற சொற்களும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி (பிட்ஸ்பர்க்): எங்கள் பத்திரத்தில் "இந்த ஆவணம் நிலக்கரியையும், மேற்பரப்பைத் தாங்கும் உரிமையையும் விற்காமல் இருக்கலாம்" என்று பெரிய எழுத்தில் அறிவிப்பு இருக்கிறது. தரகர் "எல்லாப் பத்திரத்திலும் இருப்பதுதான்" என்று சிரித்துவிட்டார்.

பதில்: உங்கள் பக்கத்துப் பத்திரங்கள் பலவற்றில் இருப்பது உண்மைதான். அதற்காகச் சிரித்துக் கடந்துவிட முடியாது. பென்சில்வேனியாவில் மேல்நிலம், கனிமம் இரண்டோடு "தாங்கும் உரிமை" என்று மூன்றாவதாக ஒரு சொத்தும் உண்டு. அடியிலுள்ள நிலக்கரியை எடுக்கும்போது மேலே இருக்கும் தரை இறங்காமல் இருக்கக் கேட்கும் உரிமை அது. பழைய காலத்தில் சுரங்க நிறுவனங்கள் அதையும் சேர்த்தே எழுதி வாங்கிக்கொண்டன. மேற்குப் பென்சில்வேனியாவில் எத்தனையோ வீடுகள் கைவிடப்பட்ட சுரங்கங்களின் மேல் நிற்கின்றன. சுரங்கத்தில் விட்டுவைத்த நிலக்கரித் தூண்கள் இற்று தரை இறங்கினால் சுவரில் படிக்கட்டு வடிவில் விரிசல் ஓடும், கதவுகள் சட்டத்தில் சிக்கும்.

சாதாரண வீட்டுக் காப்பீடு இதற்குப் பணம் தராது. மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையே சுரங்கச் சரிவுக் காப்பீடு விற்கிறது. உங்கள் முகவரிக்குக் கீழே சுரங்கம் இருக்கிறதா என்றும் அவர்களிடமே பார்த்துக்கொள்ளலாம். தயவுசெய்து வாங்கிவிடுங்கள்.

எண்ணெய், எரிவாயு விஷயத்தில் உங்கள் மாநிலத்துக்குத் தனி விதி உண்டு. 1882-ஆம் ஆண்டின் டன்ஹம் தீர்ப்பின்படி, பத்திரத்தில் "கனிமங்கள்" என்று மட்டும் ஒதுக்கியிருந்தால் அதில் எண்ணெயும் எரிவாயுவும் அடங்காது என்றுதான் தொடக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். மார்செல்லஸ் ஷேல் எரிவாயுவுக்கும் அது பொருந்தும் என்று 2013-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கேள்வி (கேரி, வட கரோலினா): விற்பவர் கொடுத்த கனிம உரிமைப் படிவத்தில், முந்தைய உரிமையாளர் கனிமத்தைப் பிரித்தாரா என்ற கேள்விகளுக்கு "எதுவும் உறுதி கூறவில்லை" என்று குறித்திருக்கிறார். இது சரியா?

பதில்: அந்தக் கேள்விகளுக்குச் சட்டப்படி அவர் அப்படிக் குறிக்கலாம். அதற்கு "பிரச்சினை இல்லை" என்று பொருள் அல்ல. 2015 முதல் அந்தப் படிவம் அங்கே கட்டாயம். பில்டர் விற்கும் புது வீட்டுக்கும் உண்டு. விற்பவர் சொல்லாததை உங்கள் வழக்கறிஞர் ஆவணத்தில் தேடட்டும்.

கேள்வி (கொலம்பஸ், ஒஹாயோ): நூறு வருடமாக யாரும் தொடாத உரிமை தானாகச் செத்துப்போகாதா?

பதில்: டெக்சாஸில் சாகாது. லூசியானாவில் 10 ஆண்டு பயன்படுத்தாவிட்டால் மேல்நிலக்காரரிடம் திரும்பும். உங்கள் ஒஹாயோவில் 20 ஆண்டு எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் திரும்பப் பெற வழி உண்டு, ஆனால் தானாக நடக்காது. உரிமையாளருக்கோ வாரிசுகளுக்கோ முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, கவுண்டியில் பிரமாணப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். அறிவிப்பு கிடைத்ததும் வாரிசு விழித்துக்கொண்டு உரிமை கோரினால் அது அவருக்கே நிலைக்கும்.

கேள்வி (பிளேனோ, டெக்சாஸ்): கனிமம் எங்களுடையது இல்லை. கொல்லையில் நீச்சல் குளம் தோண்டலாமா? தோண்டும் மண் யாருடையது?

பதில்: தாராளமாகத் தோண்டுங்கள். பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை மண், மணல், சரளை, சாதாரணச் சுண்ணாம்புக்கல் எல்லாம் டெக்சாஸில் மேல்நிலக்காரருக்கே. நிலத்தடி நீரும் அப்படித்தான்.

கேள்வி (டென்டன், டெக்சாஸ்): நாங்கள் பார்த்த புதுக் குடியிருப்பின் பின்னால் பெரிய காலியிடம் இருக்கிறது. பூங்கா வரும் என்று விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா? நகராட்சி தடுக்காதா?

பதில்: உங்கள் நகரத்து மக்கள் 2014 நவம்பரில் வாக்களித்து, நகர எல்லைக்குள் பாறையை நீரழுத்தத்தால் உடைத்து (ஃப்ராக்கிங்) எரிவாயு எடுப்பதைத் தடை செய்தார்கள். 2015 மே மாதத்திலேயே மாநில அரசு எச்.பி. 40 என்ற சட்டம் கொண்டுவந்து அந்த அதிகாரத்தை நகரங்களிடமிருந்து எடுத்துவிட்டது. இரைச்சல், விளக்கு, போக்குவரத்து, வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே நியாயமான தூரம் போன்றவற்றில்தான் நகராட்சி விதி போட முடியும்.

எனவே விற்பனையாளரின் வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, கவுண்டியில் பதிவான மனைப்பிரிவு வரைபடத்தைப் பாருங்கள். சர்ஃபேஸ் வேய்வர் கொடுக்கும் கனிமக்காரர், துளையிட ஒன்றிரண்டு இடங்களை மட்டும் தனக்கென ஒதுக்கிக்கொள்வதுண்டு. அந்தக் காலியிடம் அதுவாகவே இருக்கலாம். அப்படியானால் வரைபடத்திலோ வேய்வர் ஆவணத்திலோ எழுதியிருக்கும். பிறகு டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷனின் இணைய வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பெயரில் ரயில் இருந்தாலும் இந்த மாநிலத்தில் எண்ணெய், எரிவாயுவை மேற்பார்வை செய்வது அவர்கள்தான். ஓடும் கிணறு, மூடிய கிணறு, அனுமதி வாங்கி இன்னும் தோண்டாத கிணறு எல்லாம் அதில் புள்ளிகளாகத் தெரியும். உங்கள் மனைக்குப் பக்கத்தில் அனுமதிப் புள்ளி ஒன்று இருந்தால், விற்பனையாளரிடம் அதைக் காட்டி, பூங்கா என்ற பேச்சை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.