ஜமீன்தாரின் இழுப்பு தீர வேண்டுமா?

கேள்வி: சரித்திரக் காதல் நாவல்களில் நூறு பக்கம் நோயில் துவளும் பிரபு, நாயகி கைப்பிடித்ததும் குணமாகி எழுந்துவிடுவது எனக்கு உறுத்துகிறது. 1880களில் தமிழ்நாட்டில் நடக்கும் தொடர்கதை ஒன்றை எழுதிவருகிறேன். என் நாயகன் ஆஸ்துமா உள்ள இளம் ஜமீன்தார். அவரைக் கடைசிவரை குணப்படுத்தாமல் விட்டால் வாசகர்கள் ஏற்பார்களா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமாக ஏற்பார்கள். பனிக்காலம் வந்தாலே 'வீசிங்' என்ற சொல் காதில் விழும் பெங்களூரில் இருக்கும் தங்களுக்கு, அது காதலால் தீரும் நோயன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காசநோயைத் தவிர்த்ததும் நல்லதே. அதன் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்ததே 1882இல்தான். மருந்தில்லாத அக்காலத்தில் அந்தக் கதை பெரும்பாலும் மரணத்தை நோக்கியே ஓடும். இழுப்போ வரும், தணியும், மறுபடி வரும். மாலையில் குதிரையேறிப் போனவர், பின்னிரவில் படுக்க முடியாமல் எழுந்து, முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தபடி மூச்சுக்குப் போராடுவார். அந்த வேளையில் அறைக்குள் வர யாருக்கு அனுமதி உண்டு என்பதிலேயே தங்கள் காதல் கதை தொடங்கிவிடுகிறது.

ஏனெனில் ஜமீன்தார் தம் நோயை மறைத்தாக வேண்டும். நிர்வகிக்கத் தகுதியற்றவர் என்று கருதப்பட்டவரின் ஜமீனை 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற ஏற்பாட்டின் கீழ் அரசாங்கமே மேற்பார்வையில் எடுத்துக்கொண்ட காலம் அது. இழுப்புக்காக எடுத்துக்கொள்வார்களோ இல்லையோ, கலெக்டர் காதில் எதையாவது போட்டுவைக்கப் பங்காளிகளுக்கு அது போதும். ஆகவே நாயகிக்கு நோய் தெரிய வருவது, அவர் தம் குடுமியையே அவள் கையில் கொடுப்பதற்குச் சமம். (பாத்திரங்கள் 'ஆஸ்துமா' என்று பேச வேண்டாம், இழுப்பு, இரைப்பு, ஈளை என்றே பேசட்டும்.)

மருந்து விஷயத்தில் கவனம் தேவை. இன்று நாம் பையில் வைத்திருக்கும் வகை இன்ஹேலர் 1956இல்தான் வந்தது. தங்கள் நாயகனுக்குக் கிடைப்பது ஊமத்தைப் புகை. மதராஸிலிருந்து 1802இல் பிரிட்டனுக்குப் போன வைத்தியம் அது என்பதால், அரண்மனைக்கு வரும் ஆங்கில டாக்டரும் நாட்டு வைத்தியரும் இந்த ஒன்றிலாவது ஒத்துப்போகலாம். அது மூச்சுக்குழாயைத் தளர்த்தும். அளவு மிஞ்சினால் வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, பிதற்றலும் வரும். அந்தப் பிதற்றலில் அவரைக் காதலைச் சொல்ல வைத்துவிடாதீர்கள். அவர் தெளிந்த பின், பேச மூச்சு மிச்சமிருக்கும் ஒரு பகல் வேளையில், தாமாகவே சொல்லட்டும்.