குடியிருப்போர் சங்கம் வெள்ளத்துக்கு முன்பே ஒரு வரைபடம் தயாரித்து வைத்தால் பயன்படுமா? அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

பயன்படும். ஆனால் 'தண்ணீர் நிற்கும் இடங்கள்' என்று நீல வண்ணம் அடித்த படத்தோடு நின்றுவிட்டீர்கள் என்றால் சங்க அலுவலகச் சுவரில் மாட்டத்தான் ஆகும். தண்ணீர் நிற்பது மீட்க வருகிறவருக்கே கண்ணுக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது வழி. வண்டி எதுவரை போகும், படகை எங்கே இறக்கலாம், கூப்பிட்டவர் வீடு எது.

நான் தாம்பரம் - முடிச்சூர் பக்கத்து ஆள். 2015 டிசம்பரில் என் வீடு எப்படியோ தப்பியது. மின்சாரம் இருந்த ஒரு நண்பரின் அலுவலகத்தில் உட்கார்ந்து, உதவி கேட்டு வரும் செய்திகளை வரைபடத்தில் புள்ளி வைக்கும் வேலையைச் செய்தேன். முதல் செய்தியே காலை வாரியது: "வரதராஜபுரம், மாடியில் ஆறு பேர்." எந்த வரதராஜபுரம்? முடிச்சூரை ஒட்டி ஒன்று, பூந்தமல்லி நசரத்பேட்டைப் பக்கம் ஒன்று. அடுத்து காந்தி நகர். காந்தி நகர் இல்லாத ஊர் உண்டா? பாதி நேரம் திரும்ப அழைத்து "பக்கத்துல என்ன இருக்குங்க?" என்று கேட்பதிலேயே போனது. அழைத்தால் லைன் கிடைத்தால்தானே. எனவே உங்கள் படத்தில் பதிவேட்டுப் பெயரோடு மக்கள் வாயில் புழங்கும் பெயரும் இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி, பழைய ரேஷன் கடை, அரசமரத்துப் பிள்ளையார், எல்லாமே.

அந்த நாட்களில், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தன்னார்வலர்கள் ஒரு வரைபடத்தை இணையத்தில் போட்டார்கள். தெருவின் மேல் சொடுக்கினால் 'நீரில் மூழ்கியது' என்று பதிவாகும். மேலிருந்து பார்த்த செயற்கைக்கோளைவிட அவரவர் தெருவைச் சொன்ன சனங்கள்தான் அதில் கண்ணாக இருந்தார்கள். மழைமேகத்தின் ஊடே சாதாரணக் கேமராவால் பார்க்க முடியாது. ரேடார் பார்க்கும். ஆனால் ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் வரிசையில் அப்போது ஒன்றுதான் சுற்றிக்கொண்டிருந்தது, அது அதே பாதைக்குத் திரும்பிவர 12 நாள். போதாக்குறைக்கு, திறந்தவெளித் தண்ணீர் ரேடார் படத்தில் கறுப்பாக விழும், நெருக்கமான வீடுகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீரோ சுவரில் பட்டுத் தெறிக்கும் அலையால் வெளிச்சமாகத் தெரிந்து ஏமாற்றும். வயல்வெளிக்கு நம்பலாம், நம் தெருவுக்கு அல்ல.

எது மேடு, எது பள்ளம் என்று சொல்லும் உயரத் தரவிலும் கவனம் தேவை. இலவசமாகக் கிடைக்கிறதே என்று பலர் எடுப்பது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து அளந்ததை. சுமார் 30 மீட்டருக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரே ஒரு உயரம். கூரையையும் மரத்தையும் தரை என்று எண்ணிக்கொள்ளும், பிழையும் சில மீட்டர் இருக்கும். மலைப்பக்கத்துக்குப் போதும். சென்னை மாதிரித் தட்டையான ஊரில் அரை மீட்டர்தான் காய்ந்த வீட்டையும் மூழ்கிய வீட்டையும் பிரிக்கிறது. இதற்கு நாங்கள் செய்த வைத்தியம் ரொம்பச் சாதாரணம். சுவரில் சேறு படிந்த கோடு அழிவதற்குள், தெருத்தெருவாக டேப்பைப் பிடித்து அளந்து எழுதினோம். பெயின்ட் அடித்துவிட்டால் அந்தத் தகவல் போச்சு.

இன்னொன்று, பழைய கிராம வரைபடத்தைத் தேடிப் பிடியுங்கள். வருவாய்த் துறையின் அந்தப் படத்தில் ஏரி, மதகு, கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் இடம்), ஓடை எல்லாம் கோடு கோடாக இருக்கும். அதை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய தெருக்களின் மேல் பொருத்திப் பார்த்தேன். எங்கள் பகுதியில் எப்போதும் முதலில் மூழ்கும் சந்து, ஒரு காலத்தில் ஏரியின் உபரிநீர் போன ஓடை! மனை வாங்கும்போது யாரும் இதைக் காட்டுவதில்லை.

சரி, வழிக்கு வருகிறேன். தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வரும், மீனவர்கள் கடற்கரையிலிருந்து ஃபைபர் படகோடு வருவார்கள். இருவருக்கும் உங்கள் தெரு புதிது. தண்ணீருக்கடியில் முழுகிக் கிடக்கும் மதில், ஈட்டி வைத்த கேட், சாலை நடுத்தடுப்பு, மூடியில்லாத வடிகால், இவைதான் படகைக் கிழிப்பதும் ஆளை இழுப்பதும். இவற்றைக் குறியுங்கள். டிரான்ஸ்பார்மர் எங்கே, எந்த மொட்டைமாடிக்கு வெளிப்புறப் படிக்கட்டு உண்டு என்பதையும். படுக்கையில் இருப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர் பட்டியலை மட்டும் இணையத்தில் ஏற்றாதீர்கள். இரண்டு பேர் கையில் நோட்டாக இருக்கட்டும்.

அச்சடித்து லேமினேட் செய்துவிடுங்கள். 2015-ல் டவரும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை.

2023 மிக்ஜாம் புயலின்போது எங்கள் படத்தைப் படகுக்கார அண்ணன் ஒருவரிடம் நீட்டினேன். ஒரு சந்தின் மேல் விரலை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தக் கடைசில கேட்டு பூட்டியிருக்குமா, தம்பி?" அதை நாங்கள் குறித்திருக்கவில்லை. பூட்டித்தான் இருந்தது. இப்போது எங்கள் படத்தில் சிவப்புச் சதுரம் என்றால் பூட்டும் கேட், பக்கத்திலேயே சாவி எந்த வீட்டில் என்றும் எழுதியிருக்கிறோம்.