வாசகர் கேள்வி-பதில்: கொரோனாக் காலப் பயண விதிகளும் வெளிநாட்டில் படித்த நம் பிள்ளைகளும்

கொரோனாக் காலத்துப் பயணத் தடைகள் நீங்கி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் வாழும் நம்மவரிடமிருந்து அவற்றைப் பற்றிய கடிதங்கள் நின்றபாடில்லை. அன்று மாணவர்களாகவும் ஆய்வாளர்களாகவும் இருந்தவர்கள் இன்று வேலைக்கும் நிரந்தர வசிப்புரிமைக்கும் விண்ணப்பிக்கிறார்கள். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் எங்கே இருந்தீர்கள், ஏன் இருந்தீர்கள் என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். அந்தக் கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை எழுதுகிறேன்.

என் மகன் 2019ஆம் ஆண்டு எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றான். 2020 டிசம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவனால் அடுத்த ஆகஸ்டு வரை திரும்பிப் போக முடியவில்லை. வீட்டிலிருந்தே இணையவழியில் படித்தான். ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே இருந்ததால் அவனுடைய மாணவர் தகுதி அப்போதே போய்விட்டது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இப்போது அவன் வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கிறான். இது சிக்கலாகுமா ஐயா?
— ஒரு தாயார், சாட்ஸ்வர்த்

உங்கள் உறவினர் சொல்லும் ஐந்து மாத விதி இருப்பது உண்மைதான் அம்மா. ஆனால் உங்கள் மகன் வெளியே இருந்த காலத்தில் அவ்விதி அவனைப் போன்ற மாணவர்களுக்குப் பொருந்தவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மாணவர் திட்ட அலுவலகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட சிறப்பு வழிகாட்டுதலின்படி, அதற்கு முன்பே சேர்ந்து படித்துக்கொண்டிருந்த மாணவர் நாட்டுக்கு வெளியே இருந்தபடி இணையவழியில் முழுநேரப் பாடங்களைத் தொடர்ந்தால், வெளிநாட்டு மாணவர்களுக்கான செவிஸ் என்னும் அரசுப் பதிவேட்டில் அவருடைய பெயர் நடப்பிலேயே இருக்கலாம். அப்படி நடப்பில் இருக்கும் வரை ஐந்து மாதக் கணக்கு பார்க்கப்படாது. அந்த வழிகாட்டுதல் 2023 மே 11 அன்றுதான் முடிவுக்கு வந்தது. ஆகவே நீங்கள் உறுதிசெய்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: 2021 ஜனவரிப் பருவத்தில் அவன் முழுநேர மாணவனாகப் பதிவு செய்திருந்தானா என்பது. பதிவு செய்திருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

அவன் ஏன் திரும்பவில்லை என்ற கேள்வி தனியாக எழும். அதற்கும் ஆதாரத்துடன் விடை சொல்லலாம். 2021 ஜனவரி 25 அன்று அமெரிக்க அதிபர் ஒரு பிரகடனத்தின் மூலம் தென்னாப்பிரிக்காவைத் தடைப் பட்டியலில் சேர்த்தார். ஜனவரி 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தத் தடை கடவுச்சீட்டைப் பார்த்து விதிக்கப்பட்டதன்று. அமெரிக்காவுக்குள் நுழைவதற்கு முந்தைய 14 நாள்களில் ஒருவர் பட்டியலில் உள்ள நாட்டில் இருந்தாரா என்பதே அதன் அளவுகோல். தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த மாணவர் இரண்டு வாரம் வேறொரு நாட்டில் தங்கிவிட்டுப் போயிருந்தால் தடை அவரைத் தீண்டியிருக்காது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு டர்பனில் இருந்தவருக்கு அது பொருந்தியது. இங்குதான் பலரும் குழம்பினார்கள். கையில் செல்லுபடியாகும் விசா இருக்கிறதே, ஏன் விடமாட்டார்கள் என்று கேட்டார்கள். விசா செல்லுபடியாகவே இருந்தது; நுழையும் அனுமதிதான் நிறுத்தப்பட்டிருந்தது. வேறு நாட்டில் இரண்டு வாரம் தங்கிப் போகும் வசதியோ மிகச் சில குடும்பங்களுக்கே இருந்தது. அப்படிப் போனவர்களும், தடைப் பட்டியலில் இருந்த ஐரோப்பிய நாடொன்றில் விமானம் மாறினால்கூட அந்த நாட்டில் இருந்ததாகவே கொள்ளப்படும் என்பதைக் கணக்கில் எடுத்துப் பயணச்சீட்டு வாங்க வேண்டியிருந்தது.

இதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. பிரிட்டன், அயர்லாந்து, தம்மிடையே எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றிலிருந்து சென்ற எஃப்-1 மாணவர்களும் இதே போன்ற தடையின்கீழ்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குத் தேசிய நலன் கருதித் தடையிலிருந்து அளிக்கப்படும் விலக்கு தானாகவே கிடைத்துவந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த விலக்கு 2021 ஏப்ரல் 26 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்கா, பிரேசில், சீனா, ஈரான் ஆகிய நாடுகளில் இருந்த மாணவர்கள், ஆகஸ்டு 1 அன்றோ அதன் பின்னரோ தொடங்கும் படிப்புக்காக, வகுப்பு தொடங்குவதற்கு 30 நாள் முன்னதாக நுழையலாம் என்பதே அந்த அறிவிப்பு. செல்லுபடியாகும் விசா வைத்திருந்தவர் இதற்காகத் தூதரகத்துக்குத் தனியாக எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. உங்கள் மகன் ஆகஸ்டில் திரும்பியது இந்த அறிவிப்போடு அப்படியே பொருந்துகிறது.

எனவே விண்ணப்பத்தோடு நீண்ட விளக்கக் கடிதம் எதுவும் வேண்டாம். 2021 ஜனவரிப் பருவத்தின் மதிப்பெண் பட்டியல், அந்தக் காலத்தில் கொடுக்கப்பட்ட எல்லா ஐ-20 படிவங்கள் (மாணவர் தகுதிக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று), கடவுச்சீட்டில் டர்பன் வருகைக்கும் அமெரிக்க நுழைவுக்கும் உரிய முத்திரைகள் உள்ள பக்கங்கள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பழைய ஐ-20 படிவங்களைப் புதியது வந்ததும் கிழித்துப் போடுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அவன் அப்படிச் செய்திருந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் நகல் கேட்கச் சொல்லுங்கள். ஜனவரி 30, ஏப்ரல் 26 என்ற இரண்டு தேதிகளையும் அவற்றுக்குரிய ஆணைகளையும் இரண்டே வரிகளில் வழக்கறிஞர் குறிப்பிட்டால் போதும்.

2021 ஆகஸ்டில் என் தங்கை வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் அமெரிக்காவுக்குப் படிக்கப் புறப்பட்டாள். செவ்வாய்க்கிழமை காலை எடுத்த கொரோனாப் பரிசோதனையை 72 மணி நேரம் கடந்துவிட்டது என்று விமான நிலைய ஊழியர் ஏற்கவில்லை. பயணச்சீட்டும் பணமும் போயின. அவர் சொன்னது சரிதானா?
— ஓர் அண்ணன், டோங்காட்

சரியன்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆணை 2021 ஜனவரி 26 முதல் நடப்பில் இருந்தது. அது மணிக்கணக்கில் அமையாமல் நாள் கணக்கில் அமைந்திருந்தது. விமானம் புறப்படும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மாதிரி எடுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விமானத்துக்குச் செவ்வாய்க்கிழமை எந்த நேரத்தில் எடுத்த மாதிரியும் செல்லும் என்று அந்த மையமே எடுத்துக்காட்டுடன் விளக்கியிருந்தது. பிசிஆர் மட்டுமல்லாமல் ஆன்டிஜென் பரிசோதனையும் ஏற்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவுக்குள் வருவதற்கான விதியோ வேறு: பிசிஆர் முடிவுதான் வேண்டும், அதுவும் புறப்படும் நேரத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அந்த ஊழியர் வருகைக்குரிய விதியைப் புறப்பாட்டுக்குப் பொருத்திப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நாட்டின் விதியும் வாரத்துக்கு வாரம் மாறிய நேரத்தில் அப்படி நடந்தது புரிகிறது என்றாலும், ஒரு மாணவியின் பயணச்சீட்டு அதனால் வீணானது நியாயமாகாது. 2021 டிசம்பர் 6 முதல் அந்த மூன்று நாள் ஒரு நாளாகச் சுருங்கியது. 2022 ஜூன் 12 அன்று பரிசோதனை விதியே நீக்கப்பட்டது.

நான் தாவரவியல் ஆய்வாளர். 2020 இறுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஜே-1 என்னும் பரிமாற்றத் திட்ட விசாவில் வருகைதரு ஆய்வாளராகப் போக இருந்தேன். ஜே விசாவே தடை செய்யப்பட்டுவிட்டது என்று சொல்லி அழைப்பைத் திரும்பப் பெற்றார்கள். அது உண்மையா?
— ஓர் ஆய்வாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் தவறானது. 2020 ஜூன் 22 அன்று வெளிவந்த பிரகடனம் எச்-1பி, எல் ஆகிய வேலை விசாக்களோடு ஜே விசாவின் சில வகைகளையும் நிறுத்திவைத்தது. பயிற்சியாளர், பள்ளி ஆசிரியர், முகாம் வழிகாட்டி, குழந்தை பராமரிப்பாளர், கோடை வேலைக்குச் செல்லும் மாணவர் போன்றவர்களே அதில் இருந்தார்கள். பேராசிரியர், ஆய்வாளர் என்னும் வகைகள் அதில் இல்லவே இல்லை. ஆசிரியர் என்ற வகை பட்டியலில் இருந்ததால், பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவரும் அதில் அடங்குவார் என்று சில அலுவலகங்களே தவறாகப் புரிந்துகொண்டன. அந்தப் பிரகடனம் முதலில் 2020 டிசம்பர் 31 வரையிலும், பிறகு 2021 மார்ச் 31 வரையிலும் நீண்டு காலாவதியானது.

உங்கள் பயணத்துக்கு உண்மையான தடைகளாக இருந்தவை வேறு. உலகெங்கும் அமெரிக்கத் தூதரகங்கள் 2020 மார்ச் 20 அன்று வழக்கமான விசாப் பணிகளை நிறுத்தி, பின்னர் மிக மெதுவாகவே மீண்டும் தொடங்கின. அடுத்த ஜனவரி 30 முதல், முந்தைய விடையில் சொன்ன 14 நாள் தடை வந்தது. ஏப்ரல் அறிவிப்பில் மாணவர்களோடு கல்வியாளர்களுக்கும் விலக்குப் பெறும் வாய்ப்பு சொல்லப்பட்டிருந்தது. உங்கள் தன்விவரக் குறிப்பில் அந்த ஆண்டை வெற்றிடமாக விட வேண்டாம். அழைப்புக் கடிதத்தின் தேதி, பதவியின் பெயர், "பெருந்தொற்றுக் காலப் பயணக் கட்டுப்பாடுகளால் ஏற்க இயலவில்லை" என்ற ஒரு வாக்கியம் ஆகியவற்றை எழுதுங்கள். கிடைத்த அழைப்பு உங்கள் உழைப்புக்குக் கிடைத்த மதிப்பு. அதை மறைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஒமிக்ரான் வந்தபோது நம் நாட்டு அறிவியலாளர்கள்தாமே உலகுக்குச் சொன்னார்கள்? சொன்னதற்காகவே நம்மை அடைத்தார்கள் என்று என் மாணவர்கள் கேட்கும்போது என்ன விடை சொல்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, லெனேசியா

நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள் அம்மா. இது முதல் முறையும் அன்று. 2020 டிசம்பர் 18 அன்று பீட்டா என்று பின்னர் பெயர் பெற்ற உருமாற்றத்தை அறிவித்தபோது, அதைக் கண்டறிந்த பணியில் டர்பனில் உள்ள குவாசூலு-நேட்டல் பல்கலைக்கழகத்தின் கிரிஸ்ப் ஆய்வகம் முன்னின்றது. ஒரு வாரம் ஆவதற்குள் பிரிட்டன் நமக்குக் கதவை மூடியது. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா புதிய உருமாற்றத்தை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது; மறுநாள் நாட்டுக்கு அறிவித்தது; 26ஆம் தேதி அதற்கு ஒமிக்ரான் என்று பெயரிடப்பட்டது. அதே வெள்ளிக்கிழமை நண்பகலில் பிரிட்டன் நம்மைச் சிவப்புப் பட்டியலில், அதாவது வருகைக்குக் கடுங்கட்டுப்பாடு விதித்த நாடுகளின் பட்டியலில், மீண்டும் சேர்த்தது. திங்கட்கிழமை, அதாவது 29ஆம் தேதி, தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி, மொசாம்பிக், மலாவி ஆகிய எட்டு நாடுகளுக்கு அமெரிக்கத் தடை நடைமுறைக்கு வந்தது. மூன்று வாரங்களுக்கு முன்புதான், நவம்பர் 8 அன்று, நாடுவாரித் தடைகளை எல்லாம் நீக்கி, அவற்றுக்குப் பதிலாகத் தடுப்பூசிச் சான்று கேட்கும் முறையை அதே அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. அதை நம்பி ஜான்சன் அன்ட் ஜான்சன் ஊசி ஒன்றோ ஃபைசர் ஊசி இரண்டோ போட்டுக்கொண்டு பயணச்சீட்டு வாங்கியவர்கள் நம்மிடையே பலர்.

நவம்பர் 30 அன்று நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம், 19, 23 ஆகிய தேதிகளில் அங்கே எடுத்த மாதிரிகளிலேயே ஒமிக்ரான் இருந்ததாக அறிவித்தது. அதாவது நாம் சொல்வதற்கு முன்பே அது ஐரோப்பாவில் இருந்தது. ஆனால் அமெரிக்கத் தடைப் பட்டியலில் நெதர்லாந்து சேர்க்கப்படவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் இதைப் பயண நிறவெறி என்றே குறிப்பிட்டார். அந்தச் சொல்லின் கனத்தை நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நோயைத் தடுக்க அரசுகள் எல்லையை மூடுவதையே நான் குறை சொல்லவில்லை. எந்தெந்த எல்லையை மூடினார்கள், எதைத் திறந்துவைத்தார்கள் என்பதில்தான் அநீதி இருந்தது.

பிரிட்டன் டிசம்பர் 15 அன்றும் அமெரிக்கா டிசம்பர் 31 அன்றும் தடையை நீக்கின. ஆதலால் ஜனவரி வகுப்புக்குப் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் பிரிட்டனில் மாணவர் விசாவோடு படித்தவர்களுக்கு அந்த ஆண்டு மிகுந்த செலவு வைத்தது. சிவப்புப் பட்டியல் நாட்டிலிருந்து திரும்பும் உரிமை அவர்களுக்கு இருந்தாலும் பத்து நாள் விடுதித் தனிமைக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணம் பிப்ரவரியில் 1,750 பவுண்டு. ஆகஸ்டு 12 முதல் 2,285 பவுண்டு.

நான் திருநெல்வேலியிலிருந்து டர்பனுக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்தவன். என் கல்வி விசா 2020 ஏப்ரலில் முடிந்தது. விமானம் கிடைத்து நவம்பரில்தான் ஊர் திரும்பினேன். இப்போது மீண்டும் விண்ணப்பிக்க முயலும்போது, ஏழு மாதம் கூடுதலாகத் தங்கியவர் என்று ஒரு முகவர் பயமுறுத்துகிறார்.
— ஓர் ஆய்வு மாணவர்

பயப்பட வேண்டாம் தம்பி. சாதாரணக் காலத்தில் முப்பது நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கியவரை ஐந்தாண்டு வரை விரும்பத்தகாதவராக, அதாவது நாட்டுக்குள் வரக்கூடாதவராக, அறிவிக்க இந்நாட்டு விதியில் இடமுண்டு; உங்கள் முகவர் அதைத்தான் சொல்கிறார். ஆனால் 2020 மார்ச் 26 நள்ளிரவில் ஊரடங்கு தொடங்கிய பின் காலாவதியான விசாக்களை உள்துறை அமைச்சகம் ஜூலை 31 வரையிலும், பிறகு அக்டோபர் 31 வரையிலும், பிறகு 2021 ஜனவரி 31 வரையிலும் நீட்டித்துக்கொண்டே வந்தது. அக்காலத்துக்குள் நாட்டை விட்டுச் செல்பவரை விரும்பத்தகாதவராக அறிவிக்க மாட்டோம் என்றும் சொன்னது. சர்வதேசப் பயணமே அக்டோபர் 1 அன்றுதான் ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன், டர்பன் ஆகிய மூன்று விமான நிலையங்கள் வழியாக மீண்டும் தொடங்கியது. நீங்கள் நவம்பரில் சென்றது நீட்டிப்புக் காலத்துக்கு உள்ளேதான். புறப்படும்போது விமான நிலையத்தில் விரும்பத்தகாதவர் என்று படிவம் எதுவும் கொடுத்தார்களா என்று மட்டும் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் உங்கள்மீது அப்படி ஓர் அறிவிப்பு இருக்க வாய்ப்பில்லை. கொடுத்திருந்தால் 2002ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 30(2) பிரிவின்கீழ் அதை நீக்கக் கோரலாம். அந்த நீட்டிப்பு ஆணைகளின் நகலை இணைத்துவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பயத்தை விற்கும் முகவரிடம் போகாமல் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவை முதலில் கேளுங்கள்.

அடுத்த ஆண்டு மகளைப் படிக்க அனுப்புகிறோம். கொரோனா விதி எதுவும் மிச்சம் இருக்கிறதா?
— ஒரு தகப்பனார், பீனிக்ஸ்

பிரிட்டன் 2022 மார்ச் 18 அன்றும், தென்னாப்பிரிக்கா அதே ஆண்டு ஜூன் 22 அன்றும் தங்கள் விதிகளை நீக்கிவிட்டன. அமெரிக்காவின் தடுப்பூசி விதி 2023 மே 12 அன்று முடிந்தது. சேரும் கல்லூரி தனக்கென்று கேட்கும் தடுப்பூசிகள் வேறு. அவற்றைச் சேர்க்கைக் கடிதத்தில் பாருங்கள். விடுமுறைக்கு அவள் வீடு திரும்பும்போது அடிஸ் அபாபா, நைரோபி வழியாக வந்தால், அங்கே விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரம் 12 மணியைத் தாண்டாதபடி பயணச்சீட்டு எடுங்கள். தாண்டினால் இங்கே இறங்கும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள்.