தீக்கத்தி எந்தத் தீவுடையது?

கேள்வி: அடுத்த மாதம் ஹவாய் போகிறோம். லூவாவ் விருந்தில் புல் பாவாடை, கொட்டாங்கச்சி மார்க்கச்சை, தீக்கத்தி ஆட்டம் எல்லாம் உண்டாம். இவை ஹவாய் மரபுதானா? (வாசகி, கோவை)

மூன்றுமே இல்லை. தீக்கத்தி சமோவாவுடையது. 'நிஃபோ ஓட்டி' என்ற கொக்கிக் கத்தியைச் சுழற்றும் ஆட்டம் அங்கே பழையது. அதில் நெருப்பைச் சேர்த்தவர் ஃப்ரெடி லெட்டூலி என்ற சமோவக் கலைஞர், 1946-இல், சான் ஃபிரான்சிஸ்கோவில். புல் பாவாடை கில்பர்ட் தீவுகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களோடு வந்தது. அதற்கு முன் ஹவாய்ப் பெண்கள் உடுத்தியது கப்பா. மரத்தின் உள்பட்டையை ஊறவைத்து, தட்டித் தட்டி அகலமாக்கிய துணி. கொட்டாங்கச்சி மேடைக்கென்று வந்த அலங்காரம். இடுப்பை வேகமாக ஆட்டும் நடனமோ தாஹித்தியின் பாணி.

ஹவாயின் சொந்த நடனம் ஹூலா. அதில் பாட்டின் பொருளைக் கைகள் சொல்லும். பழைய வகையான 'ஹூலா கஹிகோ'வுக்கு ஓதலும், இரண்டு சுரைக்குடுக்கைகளை ஒட்டிச் செய்த 'இப்பு ஹெகே' தாளமும் போதும். அதில் யுகுலேலே ஒலித்தால் சந்தேகப்படுங்கள். 1879-இல் மடெய்ரா தீவிலிருந்து வந்த போர்த்துகீசியர் கொண்டுவந்த சிறு கிட்டாரிலிருந்து பிறந்த கருவி அது.

விருந்தில் கவனிக்க வேண்டியது 'போய்' என்ற உணவு. அவித்த சேப்பங்கிழங்கைக் கல் குழவியால் இடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்த களி. இரண்டு மூன்று நாளில் புளிக்கும். கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கு அரிப்பது நம் வீட்டிலும் தெரிந்ததுதான். லூவாவ் என்பதே சேப்ப இலையின் பெயர். விருந்தின் பழைய பெயர் வேறு. ஹவாய் மக்களின் தோற்றக் கதையில் இறந்து பிறந்த மூத்த குழந்தையைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த ஹாலோவாதான் மனிதரின் மூதாதை. ஆக, சேம்பு அவர்களுக்கு அண்ணன். அந்தப் போயைச் சுவரொட்டும் பசை என்று சொல்லித் தொகுப்பாளர் சிரிக்க வைத்தால், எனக்கு அது கொட்டாங்கச்சியைவிடப் பெரிய தவறு.

கேள்வி: ஹவாயின் லையே ஊரில் உள்ள பாலினேசியப் பண்பாட்டு மையம் நம்பகமானதா? (வாசகர், மதுரை)

போகலாம், கைவினை பார்க்க நல்ல இடம். 1963-இல் மார்மன் திருச்சபை தொடங்கியது. பக்கத்திலுள்ள அவர்களின் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். தீவுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. அங்குள்ள கிராமங்களில் ஃபிஜியும் ஒன்று. ஆனால் ஃபிஜியை அறிஞர்கள் பொதுவாகப் பாலினேசியாவில் அல்ல, அதற்கு மேற்கே உள்ள தீவுகளான மெலனேசியாவில் வைக்கிறார்கள். டோங்காவோடும் சமோவாவோடும் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டு உறவு உண்டு, அதனால் சேர்த்தது அபத்தமில்லை. வழிகாட்டி இதை விளக்குகிறாரா என்று பாருங்கள்.

அடுப்பை வைத்தும் சோதிக்கலாம். ஹவாயின் 'இமு' குழியில் மூட்டுவது. சமோவாவின் 'உமு' தரைமேல் சூடான கற்களை அடுக்கி, இலைகளால் மூடுவது. இரண்டையும் 'பாலினேசிய அடுப்பு' என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பவரிடம் மற்ற விவரங்களையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட மாதிரிக் கிராமங்களின் பொதுவான குறை, காலம் நின்றுபோவது. 1893-இல் ஹவாய் அரசி லிலியுவோகலானி கவிழ்க்கப்பட்டதும், 1966 முதல் 1996 வரை பிரெஞ்சுப் பாலினேசியாவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளும் ஓலைக்குடிலுக்குள் தெரியாது. ஹொனலுலுவில் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்: காலையில் பிஷப் அருங்காட்சியகம், பிற்பகலில் அரசியைச் சிறைவைத்த இயோலானி அரண்மனை.

கேள்வி: 'டிக்கி' சிலை வாங்கலாமா? (வாசகர், திருச்சி)

செதுக்கிய மனித உருவத்தைக் குறிக்கும் 'டிக்கி' என்பது நியூசிலாந்தின் மாவோரி மொழியிலும் மார்க்கேசஸ் தீவு மொழியிலும் உள்ள சொல், ஹவாயில் 'கியி'. எந்தத் தீவின் வடிவம், என்ன மரம், யார் செதுக்கியது என்று மூன்றும் கேளுங்கள். மூன்றாவதற்குப் பதில் கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள்.